திரிந்த பாலின் கதை



பால் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு பால் நினைவுக்கு வரும். ஒன்று மாட்டுப் பால்; மற்றொன்று மரத்துப் பால். விடிந்தும் விடியாத வேளையில் நிரைக்குச் சென்று மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து சென்ற மக்கள் நாம். ஸ்டோரில் அந்தப் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தொட்டிகளில் ஊற்றி, அளவாக ஆசிட் கலந்து விடுவார்கள். சில மணி நேரத்தில் பால் உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். அதை உருளைகளுக்கு இடையே கொடுத்து நீரைப் பிழிந்து, புகைக் கூடத்தில் தொங்கவிட்டால் ரப்பர் ஷீட் ஆகிவிடும்.

இதே வேலையை அடுக்களையில் மாட்டுப் பாலுக்குச் செய்தால் என்ன ஆகும்? கொதித்த பாலில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் பால் திரிந்து போகும். திரிந்த கட்டியைத் துணியில் வடித்து, பிழிந்து, மேலே பாரம் வைத்து அழுத்தினால் கிடைப்பதுதான் பனீர். இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா கடைகளிலும் குளிர்பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று சதுரக் கட்டியாக இருக்கிறதே, அதுதான். பட்டாணியோடும் கீரையோடும் அதைக் கறியாக்கி விற்காத இந்திய உணவுக்கடை இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிது.

"அது வடநாட்டுச் சாப்பாடு, நமக்கு அது ஏது?" என்று நம்மில் மூத்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், ஒரு பதார்த்தத்தின் வரலாற்றோடு நம் குடும்பங்களின் வரலாறும் சேர்ந்தே வெளிவருகிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் பால் ஏன் திரிகிறது என்று பார்த்துவிடுவோம். பாலில் உள்ள புரதத்தின் பெரும்பகுதிக்குக் கேசின் என்று பெயர். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களாகப் பாலில் மிதந்துகொண்டிருக்கிறது. எல்லாத் துகள்களும் ஒரே வகை மின்னூட்டம் உடையவை. ஆகையால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஒட்டுவதில்லை. புளிப்பு சேர்ந்ததும் அந்த மின்னூட்டம் அடங்கிவிடுகிறது. தள்ளி நின்ற துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாலில் உள்ள கொழுப்பையும் தம்மோடு பிடித்துக்கொண்டு, கட்டியாகத் திரள்கின்றன. எஞ்சிய நீர் பச்சையும் மஞ்சளும் கலந்த தெளிவோடு பிரிந்து நிற்கிறது.

மரத்துப் பாலில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அங்கே மிதப்பவை ரப்பர்த் துகள்கள். உறைய வைப்பது ஃபார்மிக் ஆசிட். வாளியிலேயே பால் உறைந்துவிடாமல் இருக்கக் காட்டில் அமோனியா சேர்ப்பார்களே, அது அந்தப் புளிப்பை வளரவிடாமல் தடுப்பதற்காகத்தான். கவனிக்காமல் விட்ட மரத்துப் பால் மங்கிலேயே கட்டிப்பாலாகிவிடும். மூடாமல் வைத்த மாட்டுப் பால் மாலைக்குள் புளித்துவிடும். இரண்டிலும் கிருமிகள் உண்டாக்கும் புளிப்புக்குப் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிக்காத நம் பாட்டிமார்களுக்கு இந்த உண்மை கையனுபவமாகத் தெரிந்திருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஸ்டோர் ஆசிட் உடலைச் சுட்டுப் பொசுக்கும் நஞ்சு. அது எந்தக் காரணத்துக்காகவும் அடுக்களைக்குள் வரக்கூடாது.

இனி, பெயரைக் கவனிப்போம். பனீர் என்பது பாரசீக மொழிச் சொல். பாரசீகத்திலும் துருக்கியிலும் பாலைத் திரித்துச் செய்யும் கட்டிக்கெல்லாம் இதே போன்ற பெயர்தான். நம்மவர்கள் பலர் இதைப் 'பன்னீர்' என்று எழுதிவிடுகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் ரோஜா நீரே பன்னீர். பால் கட்டி பனீர். பாலாடைக்கட்டி என்று தமிழில் பொதுவாகச் சொல்வது வெள்ளைக்காரர்களின் சீஸுக்கும் பொருந்தும். அந்தச் சீஸ்களில் பலவற்றைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டு உறைய வைத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் முதிரவைத்தார்கள். பனீருக்கு அது வேண்டியதில்லை. எலுமிச்சையோ புளித்த மோரோ போதும். செய்த அன்றே சாப்பிடலாம். மரக்கறி உண்பவர்களுக்கு இது ஏற்றதாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

சரி, தமிழகத்து முன்னோர்கள் பாலைத் திரித்து உண்டார்களா? தமிழகத்தில் பால் பொருள் என்றால் தயிர், மோர், வெண்ணெய், நெய் ஆகிய நான்கும்தான் முதலிடம் பெற்றன. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்குலப் பெண் வருகிறாள். அவள் மோர் விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் வீட்டாருக்கு உணவு தருகிறாள். நெய்யை விற்கும்போதோ பொன்னைப் பெறாமல், பால் தரும் எருமையையும் பசுவையும் கேட்டுப் பெறுகிறாள். பொன்னைவிட மாடே செல்வம் என்று கருதியவள் அவள். மாடு என்ற சொல்லுக்கே தமிழில் செல்வம் என்ற பொருளும் உண்டு. இந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவளை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

பால் திரிந்தால் நம் வீடுகளில் "பால் கெட்டுப் போச்சு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு பால் மட்டும் விலக்கு. அதுதான் சீம்பால். பசு கன்று ஈன்றதும் முதல் சில நாள் சுரக்கும் அந்தப் பால் மஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருக்கும். அதில் புரதம் மிக அதிகம். ஆகவே புளிப்பே விடாமல், வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தாலே கட்டியாகிவிடும். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் மாடு கன்று போட்டால், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் சீம்பால் போகும். கன்றுக்கு வேண்டிய அளவு விட்டுவிட்டுத்தான் கறப்பார்கள். அந்த மெத்தென்ற துண்டை வாயில் போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்குப் பால்கட்டி புதியது என்று சொல்ல முடியுமா? பெயர் வேறு, முறை சற்று வேறு, பொருள் உறவுடையதே.

தென்னாட்டில் பாலை வேண்டுமென்றே திரித்த செய்தியும் ஏட்டில் இருக்கிறது. இன்றைய கர்நாடகத்தில் கல்யாணி என்ற நகரிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், ஏறக்குறைய 1130ஆம் ஆண்டில் மானசோல்லாசம் என்ற பெரிய வடமொழி நூலை இயற்றினான். அரசன் அறிய வேண்டிய கலைகளையெல்லாம் கூறும் அந்நூலில் சமையலுக்கும் இடம் உண்டு. காய்ச்சிய பாலில் புளிப்புப் பொருளைச் சேர்த்துத் திரித்து, அந்தக் கட்டியைக் கொண்டு இனிப்பு செய்யும் முறையை அது சொல்கிறது. எனவே இந்த வித்தை வடக்கே மட்டும் பிறந்தது என்று சொல்வதற்கில்லை.

வங்காளத்தில் இந்தத் திரிந்த பால் சென்னா என்று பெயர் பெற்றுப் பெரும் புகழ் அடைந்தது. அழுத்திக் கட்டியாக்காமல் மெதுவாகப் பிசைந்து வைப்பது சென்னா. பாரம் வைத்து அழுத்தித் துண்டு போடுவது பனீர். வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் குடியேறிய போர்த்துக்கீசியரிடம் வங்காளிகள் இதைக் கற்றார்கள் என்பது ஒரு சாராரின் கருத்து. அதற்கு முன்பே இங்கிருந்தது என்பது மற்றொரு சாராரின் கருத்து. 1868ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நோபின் சந்திர தாஸ் என்ற மிட்டாய்க்காரர் சென்னாவை உருட்டிப் பாகில் வேகவைத்து ரசகுல்லா செய்தார் என்று வங்காளிகள் பெருமையுடன் சொல்கிறார்கள். ஒடிசாக்காரர்களோ எங்கள் பூரிக் கோயிலில் அது முன்பே உண்டு என்கிறார்கள். இந்த வழக்கு ஓயாமல், 2017இல் வங்காள ரசகுல்லாவுக்கும் 2019இல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்க வேண்டியதாயிற்று. திரிந்த பாலுக்கு இரண்டு மாநிலங்கள் உரிமை கொண்டாடின என்றால், அதன் மதிப்பை நாம் உணரலாம்.

காரக் கறியில் போடும் பனீர் பஞ்சாப் பக்கத்தில் நெடுநாளாக வழங்கியது. 1947இல் இந்தியா பிரிவினையானபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து இலட்சக்கணக்கானோர் தில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நடத்திய உணவுக்கடைகளின் வழியாகப் பஞ்சாபிச் சமையல் நாடெங்கும் பரவியது. 1970இல் இந்தியாவில் வெண்மைப் புரட்சி எனப்படும் திட்டம் தொடங்கி, பால் உற்பத்தி பெருகியது. பிறகு தமிழ்நாட்டிலும் கூட்டுறவுப் பால் நிலையங்கள் பனீரைப் பொட்டலமாக விற்கத் தொடங்கின. இப்படித்தான் பனீர் சென்னை வழியாகவும் பிரிக்பீல்ட்ஸ் வழியாகவும் தமிழர் இலைக்கு வந்து சேர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாய் மொழியில் சீஸுக்குக் 'கேஜு' என்று பெயர். வெண்ணெய்க்கு 'மெந்தேகா' என்று பெயர். இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர்கள் விட்டுச் சென்றவை அவை. அதற்கும் பழைய ஒரு சொல் 'டாடிஹ்'. சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் எருமைப் பாலை மூங்கில் குழாயில் ஊற்றி, வாழையிலையால் வாயை மூடி, தானே உறைய விடுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். வடமொழியில் தயிரைக் குறிக்கும் 'ததி' என்ற சொல்லே கடல் கடந்து டாடிஹ் ஆயிற்று. நம் 'தயிர்' என்ற சொல்லும் மலாய்க்காரர் அடுக்களையில் 'தைரு' என்று நுழைந்து, பிரியாணிக்கும் இறைச்சிக் கறிக்கும் இன்றும் பயன்படுகிறது. சீனர்களோ மாட்டுப் பாலை நாடாமல், சோயா அவரையை அரைத்துப் பாலெடுத்து, அதைத் திரித்துத் தௌஹு செய்தார்கள். ஆகவே இந்நாட்டில் மூன்று இனத்தாருக்கும் பாலை உறையவைக்கும் வித்தை ஒவ்வொரு விதத்தில் தெரிந்திருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் பெருவாரியாகக் குடியேறிய காலம் எது? கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. காஜாங்கில் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1895ஆம் ஆண்டையொட்டி ரப்பர் பயிரானது. அதன் பின் சிலாங்கூர் முழுவதும் ரப்பர்க் காடாயிற்று. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின.

அந்தக் குடும்பங்களில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் முதலில் வாங்க நினைத்தது மாடு. லயத்துக்குப் பின்னால் அத்தாப்புக் கூரையில் ஒரு கொட்டகை. ரப்பர் மரங்களுக்கு அடியில் வளர்ந்த புல். மாலையில் புல்லறுக்கப் போகும் பெண்கள். கறந்த பாலில் ஒரு பங்கு கிராணி வீட்டுக்கும் டவுனுக்கும் விலைக்குப் போகும். ஒரு பங்கு வீட்டில் தயிராகும். மகள் கல்யாணத்துக்கு ஒரு கிடேரியை விற்றுத் தாலி வாங்கிய குடும்பங்கள் உண்டு. பொன்னுக்குப் பதிலாக மாட்டைக் கேட்ட அந்தச் சங்ககாலத்து ஆயர்மகளை இங்கே லயத்து வாசலில் மறுபடியும் காண்கிறோம் அல்லவா?

நம்மவர்களைப் போலவே பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் மாடு வளர்த்தார்கள். காவல்காரர்களாகவும் போலீஸ்காரர்களாகவும் வந்தவர்களில் பலர், பகலில் மாடு கறந்து சைக்கிளில் பால் கொண்டுபோய் விற்றார்கள். கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் அவர்களை இந்நாட்டில் வங்காளிகள் என்று அழைத்தார்கள். அது பொருந்தாத பெயர். பனீர் செய்யும் வழக்கம் அவர்கள் வீடுகளில் இருந்தது. இந்தியர்கள் தங்களோடு கொண்டுவந்த மாடுகளின் வழிவந்த ஓர் இனத்தை, உள்நாட்டு இந்தியக் கறவை மாடு என்று இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் இன்றும் குறிப்பிடுகிறார்கள். நம் வருகைக்கு உயிருள்ள சாட்சி அந்த மாடு.

ஆனால் எல்லா வீட்டிலும் மாடு இல்லை. மாடில்லாத வீட்டுக்குப் பால் எங்கிருந்து வந்தது? டின்னிலிருந்து வந்தது. பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பவர் 1856இல் காப்புரிமை பெற்றார். 1912இல் ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் ஒன்று பினாங்கில் கிளை திறந்து டின் பால் வணிகத்தில் இறங்கியது. டின் பால் கெடாது, குளிர்பெட்டி வேண்டாம், தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைக்கும். தேநீருக்கு அது சுவையாக இருந்ததை நாம் மறுக்கவில்லை. தேநீரோடு நின்றிருந்தால் தீங்கு குறைவாக இருந்திருக்கும்.

எண்ணிப் பாருங்கள். தாய் விடியற்காலையில் மரம் வெட்டப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல வேண்டும். நண்பகல்வரை தாய்ப்பால் கிடையாது. அந்த நேரத்தில் குழந்தையின் வாயில் போனது, வெந்நீரில் கரைத்த டின் பால். அந்த டின்னில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரையே இருந்தது. விலை கருதி அதையும் மேலும் நீர்க்கக் கரைப்பார்கள். குழந்தைக்கு இனிப்பு கிடைத்தது. வளர்வதற்கு வேண்டிய புரதம் கிடைக்கவில்லை. தண்ணீர் சுத்தமில்லாத இடங்களில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

இதைத் துணிந்து வெளியே சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி. ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றியபோது, புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் என்ற நோயை 1933இல் மருத்துவ உலகுக்கு விளக்கியவர் அவர். பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, சர்க்கரை சேர்த்த டின் பாலைக் குழந்தை உணவு என்று சொல்லி விற்பது கொலைக்குச் சமம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 'பாலும் கொலையும்' என்பதே அந்த உரையின் தலைப்பு. ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் வாடி, உயிர் தப்பி, 1948இல் உலக சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவராக அமர்ந்தார். அவர் பேசி நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான், 1981இல், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது.

நாம் இங்கே எந்தத் தாயையும் குறை சொல்லவில்லை. தாய்க்கு நேரமும் கூலியும் போதவில்லை. ஆயினும் இரண்டு பாலையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மரத்துப் பாலின் ஒரு சொட்டும் வீணாகாதபடி எடை பார்க்கவும், அமோனியா சேர்க்கவும், உறையவைக்கவும் தோட்டத்தில் எல்லா ஏற்பாடும் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்த தாயின் பிள்ளைக்குச் சேர வேண்டிய பாலுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கவில்லை. மாடு வைத்திருந்த வீடுகள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு அரைக் கோப்பைப் பால் கொடுத்த பெரியம்மாக்களை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிறகு மாடும் போயிற்று. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இளம் செம்பனையை மாடு மேய்ந்துவிடும் என்று பல தோட்டங்களில் மாடு வளர்க்கத் தடை வந்தது. தோட்டங்களே நகரங்களாயின. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த இடம். லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பம் மாட்டை எங்கே கட்டும்? கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத்தான் போனார்கள். மாட்டோடு தயிர்ப் பானையும், மோர் கடையும் மத்தும், சீம்பாலும் போயின. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எடுக்கும் பால்குடத்துக்குக்கூட இன்று பலர் பெட்டிப் பாலையே நாடுகிறார்கள்.

2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். அங்கே கடையில் பனீர் வாங்கும் நம் பிள்ளைகள், அதை வெளியூர்ச் சரக்காகத்தான் பார்க்கிறார்கள். தன் பாட்டனின் கொட்டகையில் கறந்த பாலிலிருந்தே அதைச் செய்திருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியச் செய்வது நம் கடமை.

ஆகவே, வீட்டிலேயே செய்துபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் காய்ச்சுங்கள். நன்றாகக் கொதித்துப் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு நீரில் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். நம் நாட்டுக் கஸ்தூரி எலுமிச்சையும் ஆகும். கட்டி வேறு, நீர் வேறாகத் தெளிவாகப் பிரிந்ததும் புளிப்பு ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். அதிகம் ஊற்றினால் கட்டி ரப்பராகிவிடும். சுத்தமான மெல்லிய துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, முடிந்து, மேலே அம்மிக்குழவியையோ நீர் நிறைந்த பாத்திரத்தையோ அரைமணி நேரம் வையுங்கள். பசும்பாலாக இருந்தால் ஏறக்குறைய 150 கிராம் பனீர் கிடைக்கும். எருமைப் பாலில் இன்னும் கூடும். புதுப் பால் கிடைக்காதவர்கள் கொழுப்பு நீக்காத மாவுப் பாலைக் கரைத்தும் செய்யலாம். அறை வெப்பத்தில் வைக்கும் நீண்டநாள் பெட்டிப் பாலில் கட்டி சற்று உதிரியாக வரும். புரட்டலுக்கு அது போதும். சர்க்கரை சேர்த்த டின் பாலில் மட்டும் இதைச் செய்ய முடியாது.

டின் பால் என்றதும் இன்னொன்று. இன்று கடையில் அதே வடிவ டின்களில் விற்கும் பலவற்றின் மேல் 'கிரிமர்' என்று எழுதியிருக்கும். அவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்திருப்பார்கள். தேநீருக்கு அதை ஊற்றுவது உங்கள் விருப்பம். குழந்தையின் பால் புட்டிக்குள் அது ஒருபோதும் போகக்கூடாது. வாங்குமுன் எழுத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

செய்த பனீரை எப்படிச் சமைப்பது? புளிப்பால் உறைந்த கட்டி சூட்டில் உருகாது. அதுதான் இதன் தனிக் குணம். ஆகவே எண்ணெயில் இலேசாகச் சிவக்க வறுத்து, நீங்கள் உருளைக்கிழங்குக்கு வைக்கும் அதே மசாலாவில் போடலாம். கீரையைக் கடைந்து அதில் சேர்க்கலாம். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு உதிர்த்துப் புரட்டினால் முட்டைப் பொரியல் போல இருக்கும். சப்பாத்திக்கும் ரொட்டி சானாய்க்கும் தோதானது. அழுத்தாமல் எடுத்த இளங்கட்டியில் வெல்லமும் ஏலக்காயும் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். வடித்த நீரையும் கொட்டிவிடாதீர்கள். அதில் சத்து உண்டு. சப்பாத்தி மாவு பிசையவும், பருப்பு வேகவைக்கவும், ரசத்தில் சேர்க்கவும் பயன்படுத்தலாம். பனீர் விலை அதிகம் என்று தோன்றினால், பக்கத்துக் கடைத் தௌஹு இருக்கிறது. அதுவும் புரதமே, அதே மசாலாவில் அதுவும் சேரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பனீர் நம் நாட்டு வெயிலைத் தாங்காது. செய்த அன்றே சமையுங்கள். குளிர்பெட்டியில் நீரில் மூழ்க வைத்தால் இரண்டொரு நாள் இருக்கும்.

நேயர்களே, "அது வடநாட்டுச் சாப்பாடு, நமக்கு அது ஏது?" என்ற கேள்வியோடு தொடங்கினோம். பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது; கறி பஞ்சாபிலிருந்து வந்தது. பாலும், புளிப்பும், மாட்டைச் செல்வமாகப் போற்றிய மனமும் நம்மிடம் என்றும் இருந்தவை. இடையில் நாம் இழந்தது மாட்டை. மாட்டைத் திரும்பக் கொண்டுவர எல்லோராலும் முடியாமற் போகலாம். பால் எது, பால்போல் இருப்பது எது என்று பிரித்தறியும் அறிவை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க எல்லோராலும் முடியும். அடுத்த முறை வீட்டில் பால் திரிந்து போனால், ஸ்டோரில் பால் உறைந்த கதையையும் லயத்துக் கொட்டகையில் நின்ற மாட்டின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.